எலும்பிலிருந்து எடுத்தது

ஊசி எலும்புக்குள் இறங்கும்போது மெல்லிய நறநறப்பு ஒன்று வரும். ஈரமான மரத்தில் திருகாணி ஏறுவதுபோல. பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது அவ்வளவாகக் கேட்காது. மேசையில் குப்புறப் படுத்திருப்பவருக்குத்தான் உடம்பு முழுக்கக் கேட்கும். பஷீராவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் நர்ஸ் ஜான்சியின் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்து நெரித்தாள்.

"இப்ப இழுக்கப் போறேன். மூச்ச நல்லா விடுங்கம்மா," என்றார் டாக்டர் சுந்தர்சிங்.

தோலை மரத்துப்போகச் செய்துவிடலாம். எலும்புக்குள்ளிருந்து உறிஞ்சும்போது வருகிற வலிக்கு இந்த மருத்துவமனையில் எதுவும் தருவதில்லை. அது தெரிந்த ஜான்சி குனிந்து பஷீராவின் காதருகே, "அக்கா, அல்லான்னு சொல்லுங்க. சொல்லிக்கிட்டே இருங்க, முடிஞ்சிடும்," என்றாள். பஷீரா சொல்லவில்லை. பச்சைத் துணியைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய எச்சிலில் துணி வட்டமாக நனைந்தது.

டாக்டர் சிரிஞ்சை விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். கருஞ்சிவப்பாக இருந்தது. மேலே எண்ணெய்ப் பொட்டுகள்போலக் கொழுப்பு மிதந்தது. "பாத்தீங்களா? இதுதான் ஸ்டெம் செல். எந்தக் கடையிலயும் கிடைக்காது. உங்க முட்டியச் சரிபண்ற மருந்த உங்க உடம்பே தருது."

பஷீரா கழுத்தைத் திருப்பி, ஒழுகும் கண்ணோடு அதைப் பார்த்தாள். பெற்ற குழந்தையை முதலில் தூக்கிக் காட்டும்போது தாய்மார்கள் பார்க்கிற பார்வை அது. பிரசவ வார்டில் ஆறு வருடம் வேலை செய்தவள் ஜான்சி. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை எடுத்தாள்.

தாம்பரம் கேம்ப் ரோட்டில், கோழிக்கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த மருத்துவமனை. திறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் வைத்து வருகிற நோட்டீசிலும் உள்ளூர் கேபிள் டிவியிலும் டாக்டர் வருவார். ஆபரேஷன் வேண்டாம், கத்தி வேண்டாம் என்பார். சிட்லபாக்கத்து ரிட்டயர்டு ஆட்கள், மேடவாக்கத்தில் பேட்மின்டன் ஆடித் தோள்பட்டையைக் கிழித்துக்கொண்ட கம்ப்யூட்டர் பையன்கள், இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறுகிற பெண்கள் என்று எல்லோரும் வந்தார்கள். மூட்டு வலிக்காரர்களைப் பார்க்கிற டாக்டர் லிஃப்ட் இல்லாத மாடியில் ஏன் இடம் பிடித்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாற்றி மாற்றி நைட் டூட்டி பார்த்து அலுத்துப்போய்தான் ஜான்சி இங்கே சேர்ந்தாள். காலையில் பீர்க்கன்கரணையில் பஸ் ஏறினால் சாயங்காலம் மகள் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். சேர்ந்த மூன்றாம் நாள், சிரிஞ்சைத் தட்டில் வைத்துக்கொண்டு, "சார், இத லேப்ல யார்கிட்ட குடுக்கணும்?" என்று கேட்டாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் வேணாம் சிஸ்டர். ஊத்திட்டுக் கழுவிடுங்க."

அவள் புரியாமல் நின்றாள். டாக்டர் எரிந்து விழவில்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு சொன்னார். "மாத்திரை குடுத்தா யாரும் நம்ப மாட்டாங்க. ஊசி போட்டா பாதிப் பேர் நம்புவாங்க. எலும்புல குத்தி எடுத்தா எல்லாரும் நம்புவாங்க. வலிச்சாத்தான் ஜனங்களுக்கு வைத்தியம்."

லேப் என்று பலகை மாட்டியிருந்த உள்ளறையில் ஒரு வட்ட மெஷின் உறைபோட்டு மூடியிருந்தது. அதன் ஒயரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் கை கழுவும் தொட்டி. ஜான்சியின் வேலை, எடுத்துவந்ததை அதில் ஊற்றி, குழாயைத் திறந்து, சிவப்பு போகும்வரை தண்ணீர் விடுவது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் உள்ளேயே இருப்பது. 'பிராசஸ்' ஆவதற்கு அவ்வளவு நேரமாகும் என்று வெளியே சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் ஃபிரிட்ஜிலிருந்து சின்னக் குப்பிகளை எடுத்து, வெந்நீரில் போட்டு, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு நீல ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த மருந்து அவளுக்குப் புதிதல்ல. ஸ்டெம் செல் என்று டாக்டர் முட்டியில் போடுவது, எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற ஸ்டீராய்டு. வலியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். பலருக்கு ஒரு மாதம், சிலருக்கு அதைவிடக் குறைவு.

முதல் வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன்பாக்ஸைத் திறந்தால் தொட்டியின் வாடை வந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் அந்த அறையிலேயே நின்றுகொண்டு எலுமிச்சை சாதத்தைத் தின்று முடித்து, டப்பாவை அதே தொட்டியில் கழுவினாள். கழுவி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. வாந்தி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராததுதான் அவளைப் பயமுறுத்தியது.

பஷீரா வந்தது ஜான்சி சேர்ந்து ஏழு மாதம் கழித்து. மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம்தான் அதிகம். முப்பது வருடம் மிதித்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டன. மெஷினுக்கு மோட்டார் வைத்துக்கொண்டாள், அது பிரச்சினையில்லை என்றாள். "தொழுகதான் சிஸ்டர். ரெண்டு வருசமா சேர்ல குந்திகினுதான் தொழுவுறேன். நெத்தி தரையில படல. அது தொழுத மாரியே இல்ல." அவளுடைய கணவர் சௌகத் அலி அதிகம் பேசாதவர். மனைவியை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மாடிப்படியில் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்தபடி ஏறுவார், விழுந்தால் பிடிப்பதற்கு.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் பஷீரா ஒரு டப்பா நிறைய தம்ரூட் இனிப்போடு வந்தாள். படியில் அவளுக்குப் பின்னால் யாரும் கையை விரித்துக்கொண்டு ஏறவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தாள். "பட்ச்சு சிஸ்டர்! நெத்தி பட்ச்சு. எந்திரிக்க மனசே வரல, அப்டியே கெடந்தேன்," என்று ஜான்சியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். டாக்டர் வெளியே வந்து, அவளை எல்லோருக்கும் முன்னால் ஒருமுறை உட்கார்ந்து எழச் சொன்னார். அவள் உட்கார்ந்து எழுந்தாள். யாரோ கைதட்டினார்கள். புதிதாக வந்திருந்த ஒரு கிழவர், தனக்கு அன்றைக்கே தேதி கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஜான்சியின் வாயில் தம்ரூட் இருந்தது. மென்றபடியே தேதி நோட்டைப் பிரித்தாள்.

பதினெட்டு நாள் அப்படி இருந்தது. பத்தொன்பதாம் நாள் மதியம் லுஹர் தொழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே ஒருநாள், வேலை செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி மெஷின்மேல் சாய்ந்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. அன்றைக்குப் பார்த்தபோது நானூற்று இருபது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "செல் வளரும்போது சுகர் கொஞ்சம் ஏறும். நல்ல சைன்தான் இது. இன்னொரு டோஸ் போட்டுடலாம். இந்தத் தடவ ரெண்டு பக்க இடுப்புலயும் எடுப்போம்." சௌகத் அலி, "நீங்க சொன்னா சரி சார்," என்றார்.

ஜான்சி பக்கத்தில் நின்று அதை எழுதிக்கொண்டாள். புதன்கிழமை, மூன்று மணி. தன் கையெழுத்து எப்போதும்போல அழகாக இருப்பதைப் பார்த்தாள்.

புதன்கிழமை பஷீரா உடைமாற்றும் அறையில் புர்காவைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். சௌகத் அலி மருந்துச் சீட்டோடு மெடிக்கலுக்குப் போயிருந்தார். டாக்டர் அறைக்குள் போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. ஜான்சி பச்சைக் கவுனை நீட்டவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாத்தாதீங்கக்கா. வீட்டுக்குப் போயிடுங்க."

"ஏன், டாக்டர் இல்லியா?"

"இருக்காரு. இது எதுவும் உங்களுக்கு வேணாம். இன்னொரு ஊசி போட்டா சுகர் இன்னும் எகிறும். நீங்க தாங்க மாட்டீங்க."

பஷீரா கட்டிலில் உட்கார்ந்தாள். "நல்லதுக்குத்தான் ஏறுதுன்னாரே."

"இல்லக்கா. அது ஸ்டீராய்டு. சாதா ஊசி. அதனாலதான் ஏறுச்சு."

"பதினெட்டு நாளு என் நெத்தி தரையில பட்ச்சே சிஸ்டர். அது பொய்யா?"

பஷீரா கொஞ்ச நேரம் தன் முட்டிகளையே பார்த்தாள். பிறகு கை தானாக இடுப்பின் பின்பக்கம் போய், ஊசி குத்திய இடத்தைத் தொட்டது. "அப்ப இங்கேர்ந்து எடுத்தது?"

"ஊத்தியாச்சு."

"யாரு ஊத்துனா?"

"நாந்தான்."

வெளியே டாக்டர் போனில் யாரையோ விருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பஷீரா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஜான்சிக்கு லேசாக இருந்திருக்கும்.

"என் கைய புட்ச்சிகினு, அல்லான்னு சொல்லுன்னு சொன்னியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பஷீரா தலையை மெதுவாக ஆட்டினாள், அளவு எடுத்து முடித்துவிட்டதுபோல. மடித்ததைப் பிரித்துப் புர்காவைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பொத்தானாகப் போடும்வரை ஜான்சி காத்திருந்தாள். அறைவாள் என்று நினைத்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததுகூட அருவருப்பாக இருந்தது. அதிலும் தனக்கு ஒரு சுகம் தேடினாள்.

"காட்டு," என்றாள் பஷீரா. "எங்க ஊத்துன?"

ஜான்சி உள்ளறைக் கதவைத் திறந்தாள். பஷீரா உறைபோட்ட மெஷினைப் பார்க்கவேயில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஓட்டையை உற்றுப் பார்த்தாள். அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கானில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. எத்தனையோ பேருடையது.

"இது எங்க போவுது?"

இந்த ஒன்பது மாதத்தில் அது எங்கே போகிறது என்று ஜான்சி ஒருநாளும் யோசித்ததில்லை. "பின்னாடி போகும்னு நினைக்கிறேன்," என்றாள்.

பின்பக்கம் ஒடுங்கிய இரும்புப் படி இருந்தது. பஷீரா பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். ஜான்சி கீழ்ப்படியில் நின்று கையை நீட்டினாள். பஷீரா தன் கையைப் புர்காவின் கைக்குள் இழுத்துக்கொண்டு, மறு கையால் துருப்பிடித்த கம்பியைப் பிடித்தாள்.

கீழே சந்து. சுவரோடு இறங்கிய குழாய் தரைக்கு ஒரு சாண் மேலேயே உடைந்திருந்தது. அதன் வாய் திறந்த சாக்கடையில் ஒழுகியது. கோழிக்கடையின் இறகும் குடலும், சாப்பாட்டுக் கடையின் கஞ்சித்தண்ணீரும் கலந்து, கறுப்புக் குழம்பாகத் தேங்கி, மேலே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. செவலை நாய் ஒன்று குழாயின் வாய்க்குக் கீழே கழுத்தை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது.

"ச்சீ! போ!" என்று பஷீரா கத்தினாள். அன்று அவள் கத்தியது அது ஒன்றுதான். நாய் சற்றுத் தள்ளிப்போய் நின்று அவர்களைப் பார்த்தது.

"எங்கூட்ல நகம் வெட்னாகூட மண்ணுல பொதைப்போம்," என்றாள் பஷீரா. அவள் ஜான்சியிடம் பேசுவதாகத் தெரியவில்லை. "சீப்புல வர முடியக்கூடப் போட மாட்டோம். ஒடம்புலேர்ந்து வந்தது கண்ட எடத்துல கெடக்கக்கூடாது."

சாக்கடை ஓரத்தில் யாரோ தோண்டிப் போட்ட மண் குவிந்து கிடந்தது. பஷீரா அதை நோக்கிக் குனியப் பார்த்தாள். முட்டி பாதியிலேயே நின்றுவிட்டது. சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். ஜான்சி சட்டென்று குந்தி, ஒரு கை மண்ணை அள்ளி அவளிடம் நீட்டினாள். பஷீரா அந்தக் கையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

மாடியில் ஜன்னல் திறந்தது. "சிஸ்டர்! பேஷன்ட் எங்க? டைம் ஆகுது!"

ஜான்சி மண்ணோடு அப்படியே குந்தியிருந்தாள். பஷீரா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பின் முனையால் மண்ணைச் சாக்கடைக்குள் தள்ளினாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது முறை தள்ளிய கட்டி கோழி இறகுகளின் மேல் விழுந்து, சிறிது நேரம் மூழ்காமல் நின்றது.