ஒன்பதாம் அத்தியாயம்

பதின்வயதினருக்காக ஐந்து நாவல்கள் எழுதியும் கிடைக்காத விருது, எழுத்தாளருக்கு ஆறாவதில் கிடைத்தது. நடுவர்கள் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள். தேர்வு பயத்தில் ஒரு பெண் தன் இமை முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் அத்தியாயம் அது.

அந்தப் பெண் அவருடைய அண்ணன் மகள். நிஜ ஆளை எழுதும்போது பெயர், ஊர், அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, ஏதாவது ஒன்றை மட்டும் தொடாமல் விடுவது அவர் வழக்கம். அதில்தான் உயிர் இருக்கிறது என்று பேட்டிகளில் சொல்வார். இந்த முறை தொடாமல் விட்டது இமைகளை. கூடவே, அவற்றை மறைக்க, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன் செய்துகொடுத்திருந்த பவர் இல்லாத தடித்த கறுப்பு பிரேமும் உள்ளே வந்துவிட்டது.

விருது அறிவித்ததும் அவள் படிக்கும் பள்ளியில் நாவலை வாங்கினார்கள். வகுப்புக்கு அது யாரென்று கண்டுபிடிக்க ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. அண்ணன் மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"விருதையும் கூட்டிட்டு வந்தியா, தனியாத்தான் வந்தியா?" என்று கேட்டபடி அண்ணி கதவைத் திறந்தாள்.

பெண் சாப்பாட்டு மேசையருகே அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போடவில்லை. இமை ஓரங்கள் சிவந்து வழவழவென்றிருந்தன. இப்போது ஒரு புருவத்திலும் பாதியைக் காணோம்.

"மொட்டைக்கண்ணுன்னு கூப்பிடறாங்க அத்தை. உங்க புக்குல வர்ற பேரு. பசங்களுக்கு யோசிக்கிற வேலையே இல்ல."

"படிச்சா உனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்டா."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

எழுத்தாளருக்கு அது தெரிந்திருந்தது. கேட்காததற்குக் காரணமே அதுதான்.

"அடுத்த பதிப்புல அதை எடுத்துருங்க," என்றாள் பெண். "புதுசு வந்தா ஸ்கூல்ல இருக்கிற பழசையெல்லாம் மாத்திடறோம்னு டீச்சர் சொன்னாங்க. மாத்திட்டா நான் போறேன்."

எழுத்தாளர் பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு பதிப்பாசிரியரை அழைத்தார்.

"எடுக்கறதா? மேடம், அந்த அத்தியாயத்தைச் சொல்லித்தான் அட்டையே போட்டிருக்கோம். புதுப் பதிப்பு பைண்டிங் முடிஞ்சு லாரியில ஏத்திட்டிருக்காங்க."

"நிறுத்தவே முடியாதா?"

"நீங்க நிறுத்துன்னா நிறுத்திடலாம். ஆனா உங்க அடுத்த நாவலைத் தூக்கிட்டு முதலாளி முன்னாடி நான் போய் நிக்க முடியாது. அதையும் சொல்லிடறேன்."

கீழே தெருவில் ஒருவர் கார் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நான்கு பக்கமும் துடைத்து முடிக்கும்வரை எழுத்தாளர் பார்த்துக்கொண்டே நின்றார். எதிர்முனையிலும் காத்திருந்தார்கள்.

"சரி, லாரி போகட்டும்," என்றார்.

உள்ளே மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எடுத்துடறாங்க."

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். "அப்பா, என் பிரேம் எங்க? திங்கக்கிழமை வேணும்," என்றாள் பெண்.

அண்ணி தட்டுகளை எடுத்து வந்தாள். "இவ எங்களோட உக்காந்து சாப்பிட்டே எவ்வளவு நாளாச்சு. நீயும் உக்காரு."

பெண் தன் நாற்காலியை நகர்த்தி அத்தைக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். எழுத்தாளர் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தார்.