கலங்கிய கசிவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டின் ஐப்பசியில், நான்கு நாள் விடாது பெய்த மழையால், அடையாறு தன் கரையின் விளிம்புக்கு ஒரு முழமே கீழாக ஓடியது. கரையை ஒட்டிய பள்ளத்தில் பாய் முடைவோரின் வீடுகள் பதினைந்து. வயோதிகரும் பிள்ளைகளும் இன்னும் அவற்றினுள்ளேயே இருந்தனர். வழுக்கும் கரைமீது ஒவ்வொருவராகத்தான் அழைத்துச் செல்ல முடிந்தது. கரை உடைந்தால் அவர்கள் கதி என்னவென்பதை ஓவர்சீயர் ஞானதாஸ் அறிவார். அவர் கைவசம் இருந்தவையோ, மாம்பலத்தில் புதுத்தெரு போடும் இடத்திலிருந்து வந்த நூறு மணல்மூட்டைகள் மட்டுமே.

அக்கரை இருவேறு கோலம் கொண்டிருந்தது. கிழக்குப் பாதியைத் தை மாதத்தில், இஞ்சினீயர் துரை பார்வையிட வருமுன், ஞானதாஸே புதரெல்லாம் களைந்து அருகம்புல் ஒன்றையே பதித்திருந்தார். பச்சை ஜமக்காளம் போலிருக்கிறதென்று துரை மெச்சினார். மேற்குப் பாதியில் கை வைக்க விடாமல் குறுக்கே நின்றவர், பாய் முடைவோரில் ஒருவரான வலியுல்லா. பாய்க்குக் கோரை அறுப்பது அங்கேதான். ஆதலால் அங்கே நொச்சியும் வெட்டிவேரும் கோரையும் கொழுஞ்சியும் ஆவாரையும் தலைவிரிகோலமாய் நின்றன.

அந்த மேற்குக் கரையின் அடியில் பத்து இடங்களில் நீர் கசிந்தது. கிழக்கில் ஓரிடத்தில் மட்டும், விரல் பருமனுக்கு. மூட்டைகளை எல்லாம் மேற்கே அடுக்கச் சொன்னார் ஞானதாஸ்.

"அந்தாண்ட போடுங்க சார். இங்க ஒண்ணும் ஆவாது," என்றார் வலியுல்லா.

"பத்து எடத்துல ஒழுவுது, தெரியலையா பாய்? உன் கோரை நசுங்கிடுமேன்னு பாக்கறியா?"

"கோரை போனா மறுபடி மொளைக்கும். என் வூடு மொளைக்குமா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி நாகராஜ் தோளில் மூட்டையோடு நின்றான். "சீக்கிரம் சொல்லு சார், தோளு போவுது!"

அதற்குள் வலியுல்லாவின் மகள் சகினா இரண்டு கண்ணாடித் தம்ளர்களை ஏந்திச் சரிவில் ஏறி வந்தாள்.

"அத்தா புடிச்சாரச் சொன்னாரு. இது எங்க பக்கம். இது உங்க பக்கம்."

மேற்குக் கசிவு கிணற்று நீராய்த் தெளிந்திருந்தது. கிழக்குக் கசிவோ தேநீர் நிறம். அடியில் மண் படிந்துகொண்டிருந்தது.

ஞானதாஸ் அந்தத் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தெளிந்து கசிந்தால் வருவது நீர் மட்டும். கலங்கிக் கசிந்தால் கரையே உள்ளுக்குள் கரைகிறது. வேலைக்குச் சேர்ந்த முதலாண்டிலேயே கற்ற பாடம். ஆயினும், தாம் செய்த வேலையாயிற்றே என்று அவர் கிழக்கே குனிந்து பார்க்கவேயில்லை. சித்திரை வெயிலில் அருகம்புல் முழுதும் ஒருசேரக் கருகியதும், சாண் அகலத்துக்கு மண் வெடித்ததும், முதல் மழையில் அவ்வெடிப்புகளைப் பசுமை மூடியதும் இப்போது நினைவுக்கு வந்தன. மூடியதே போதுமென்று அன்று மகிழ்ந்திருந்தார். மேற்கிலோ கோரை காய்ந்தபோது ஆவாரை நிழல் தந்தது. மேல்மண்ணைக் கோரை பிடித்தது, ஆழத்தை வெட்டிவேரும் நொச்சியும் பிடித்தன.

"இங்கேர்ந்து மூட்டைய எடுத்துட்டு, இது ஒடைஞ்சா?" அவர் குரல் தாழ்ந்தது.

"ஒடைஞ்சா மொதல்ல போறது என் வூடுதான் சார்."

நீர் இன்னும் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

"நாகராஜ்! எல்லாத்தையும் கெழக்க எடு. நான் தப்பா சொல்லிட்டேன்."

"இன்னா சார், இப்பத்தானே..."

"எடுடா!"

நாற்பதாம் மூட்டை விழுகையில், பாயைச் சுருட்டினாற்போல் அருகம்புல் மண்ணோடு சரிந்தது. பள்ளத்தில் யாரோ வீறிட்டார்கள். ஞானதாஸ் இடுப்பளவு சேற்றில் குதித்து மூட்டைகளை வாங்கி வாங்கி அடுக்கினார். பாய்க்கென்று கட்டி வைத்திருந்த கோரைக்கட்டுகளை வலியுல்லா இடுக்குகளில் திணித்தார். சரிவு நான்கு கெஜம் ஓடி, மேற்குக் கரை தொடங்கும் இடத்தில் நின்றது. அங்கே நொச்சியின் வேரொன்று வெளியே தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த மண் அசையவில்லை.

நூறாம் மூட்டை விழுந்தது. கலங்கிய கசிவு நின்றது. பொழுது சாய்வதற்குள் ஆற்று நீர் நான்கு விரற்கடை இறங்கிற்று.

"வெள்ளம் வடிஞ்சதும் புது அருகம்புல் கொண்டாரவா சார்?" என்றான் நாகராஜ்.

"வேணாம். பாய் பக்கத்துல இன்னா இன்னா கீதோ, எல்லாத்துலயும் ஒரு புடி கொண்டா."

"கோரைய மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா நடுங்க சார், எனக்கும் ஆவும்," என்றார் வலியுல்லா.

"அதுலயும் ஒரு புடிதான் பாய்," என்றார் ஞானதாஸ்.