திறக்காத தூக்குப்போசி

அன்னூர்ப் பக்கத்து நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் முடிந்ததும் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை. வாசலில் ஷாமியானா, நடு நாற்காலியில் மேனேஜர் கிருபாசங்கர், பக்கத்தில் டாக்டர் அக்ஷிதா. மில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வரிசையில் நின்ற நைட் ஷிஃப்ட் பெண்களை ஊரில் இறக்கிவிட்டுத்தான் அது ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவர வேண்டும்.

நூற்கும் மிஷின் பார்க்கும் ராசாத்தாளுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. மேனேஜர் முகத்தில் அப்படியொரு கரிசனம்! "ஏனுங்க அக்கா, உடம்பு முக்கியமுங்க. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாமுங்க, ஊட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார்.

இந்த வேலையை நம்பித்தான் அவள் மகள் ரித்திகா காலேஜில் படிக்கிறாள். இத்தனை வருஷம் உழைத்தவளை, விரலில் ஒரு குத்துக் குத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்!

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"டீயும் வர்க்கி பிஸ்கட்டுமுங்க. தூங்கிரக் கூடாதுன்னு பாகு மாதிரி டீ, மிஷினுக்கே கேன்ல கொண்டாந்து கேக்கக் கேக்கக் குடுப்பாங்க."

"வீட்டிலிருந்து கொண்டு வரலாமே?"

ராசாத்தாள் பையிலிருந்து சோற்றுத் தூக்குப்போசியை எடுத்து மேசைமேல் ணங்கென்று வைத்தாள். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை மேனேஜரின் மூக்கில் ஏறியது. கம்பஞ்சோறும் கீரைக் கடைசலும் கை படாமல் அப்படியே இருந்தன.

"தினமும் கொண்டாரேனுங்க, தினமும் இப்படியே திரும்பிப் போகுது. மிஷின்கிட்டச் சோறு திங்கக் கூடாது. கேண்டீனை ராத்திரியில பூட்டிப்போடறீங்க. கொஞ்சம் நவுந்தா, நூலு அறுந்துபோச்சுன்னு சத்தம். சீக்கை நீங்க குடுத்துப்போட்டு, என்னைய எதுக்குங்க அனுப்பறீங்க?"

"பஸ் கிளம்போணுமுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று மேனேஜர் எழுந்தார்.

அவர் எழுந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். புளித்தால் என்ன, அவள் பொங்கின சோறு. பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

வரிசையில் நின்ற ஃபஹீமா அதைப் பார்த்தாள். சட்டென்று தரையில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். அப்புறம் நின்றவர்கள் யாருமில்லை. டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

"இன்னும் எவ்வளவு நேரமுங்க?" மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு மனுசி சாப்பிட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவுதானுங்க. ராத்திரி நானும் வாரேன், போசியும் வருது. கேண்டீன் சாவி யாருகிட்ட இருக்குதுன்னு தேடி வெச்சுப்போடுங்க" என்று சொல்லிவிட்டு, ராசாத்தாள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.