காலி ஃபோல்டரின் தேதி

பட்டியலில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்களும் ஒரே நாளில், ஒரே முற்பகலில் உண்டானவையாகத் திரையில் நின்றன. போளூர்த் திருமணம், செய்யாறு வளைகாப்பு, வந்தவாசி மஞ்சள் நீராட்டு என்று ஆதிராஜ் மூன்றாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்த விசேஷங்கள் எல்லாவற்றுக்கும் எதிரே இன்றைய தேதி. ஜ்வாலாமாலினிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆரணியிலிருந்து ஒரு பெண் தன் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களைக் கேட்டிருந்தாள். எந்தப் பெயரில் சேமித்திருந்தது என்பது மறந்துபோனதால், மாதத்தை வைத்துத் தேடலாமென்று தேதி வரிசைக்கு மாற்றியபோதுதான் இதைக் கவனித்தாள். உள்ளே இருந்த படங்களும் காணொளிகளும் தத்தம் பழைய தேதிகளோடுதான் இருந்தன. அவற்றைப் பொதிந்திருந்த ஃபோல்டர்களுக்கு மட்டும் வயது போயிருந்தது.

காலையில் கணவன் கிளம்பும்போது சொன்னபடியே எல்லாம் செய்திருந்தாள். பழைய ஹார்டு டிஸ்க் சில வாரங்களாக டக் டக்கென்று அடித்துக்கொண்டு பாதியில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. அதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துக் கம்பெனிக்குத் திருப்பியனுப்பக் குமரேசனின் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துவிட வேண்டும், வாரண்டி முடிய இரண்டே நாள்தான் என்று சொல்லிவிட்டு ஆதிராஜ் கேமராப் பையோடு போளூர் பஸ் பிடிக்க ஓடினான். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, புதியதில் ஒட்டினாள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருந்தது. திருவூடல் தெருவுக்கு ஷேர் ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு, செங்கம் சாலைச் சந்தில் இருக்கும் வாடகை வீட்டுக்குத் திரும்பி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

தேதி உதவாது என்றானபின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றாள். அந்த ஃபோல்டரின் பெயர் 'சுருதி'. ஊர்ப்பெயர் இல்லை, விசேஷத்தின் பெயர் இல்லை. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

ஆதிராஜின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விசேஷம் தனக்கு உறுதியாகிவிட்டது என்று தெரிந்த அன்றே, இன்னும் ஒரு படம்கூட எடுக்காத நிலையில், அதன் பெயரில் ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கிவிடுவான். வந்தால் பார்க்கலாம் என்பவற்றுக்கு உண்டாக்க மாட்டான். பெண் வீட்டார் பேசிக்கொண்டே இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பான்; அவர்கள் வார்த்தை கொடுத்துவிட்டுப் படியிறங்கிய மறுநிமிடம் கணினி முன் உட்கார்ந்து பெயரைத் தட்டுவான். பெயர் வைத்துவிட்டால் அந்தக் கல்யாணம் நடந்தேதீரும் என்பது அவனுடைய எண்ணம். ஆகவே அவனிடம் ஒரு ஃபோல்டரின் தேதி என்பது அவன் ஒன்றை உறுதியாக அறிந்துகொண்ட நாள்.

பெண் பிறந்தால் சுருதி என்று அவர்கள் பேசிக்கொண்டது திருமணமான புதிதில், பொன்னூர் மலைக்குப் போய்விட்டுத் திரும்பிய பஸ்ஸில். அதன்பின் இரண்டு முறை நாள் தள்ளிப்போனது. இரண்டு முறையும் ஆதிராஜ் அன்றே ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொல்லி, அம்மா தெரு முழுக்கச் சொல்லி, பத்தாம் நாள் ஒன்றுமில்லை என்றாகி, அடுத்து வந்த ஊர்ப் பூசையில் ஜ்வாலாமாலினி யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் நின்றாள். மூன்றாவது முறை, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மார்ச் மாதத்தில், ஸ்கேன் எடுத்து உறுதியாகும்வரை சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சோதித்துப் பார்த்த பட்டையைக் காகிதத்தில் சுற்றிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, அவன் இரண்டு நாள் கல்யாணத்துக்காகச் செஞ்சிக்குப் போயிருந்தபோது, எல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். திங்கட்கிழமை அவன் திரும்பிய பிறகுதான் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா மாலினி?"

அன்றைக்கு அவன் கேட்டது அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. தன் தாயிடம் சொன்னான், அவளுடைய அண்ணனிடம் சொன்னான், எதற்காகவோ சண்டை வந்து ஓய்ந்த மாலைகளில் சுவரைப் பார்த்துச் சொன்னான். தன் பிடிவாதத்தால்தான், சொல்லாமல் இருந்ததால்தான், தனியாக அந்த ஆட்டோவில் போக நேர்ந்தது என்பதை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். உதவிக்கு ஒருவன் வீட்டில் இருந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறாக ஆகியிருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

இப்போது இந்தக் காலி ஃபோல்டர். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு உண்டாக்கியிருந்தால், இழந்த ஒன்றுக்கு அவன் யாருக்கும் தெரியாமல் ஓரிடம் ஒதுக்கி வைத்திருக்கிறான். முன்பே உண்டாக்கியிருந்தால், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் செஞ்சிக்குப் போனான். தெரிந்துகொண்டேதான் இரண்டு ஆண்டுகளாக அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டில் எது என்று சொல்லக்கூடிய தேதி பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும்; அதை அவளே தன் கையால் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். புதிய டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஆட்டோ ஏறினாள்.

குமரேசன் கடையில் மேசை முழுக்கப் பிரித்துப் போட்ட லேப்டாப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு தட்டில் அவளுடைய டிஸ்க் இருந்தது.

"அதை இன்னும் அழிக்கல இல்ல?"

"இப்பத்தான்கா மாட்டப் போறேன். இன்னாச்சு, எதனா விட்டுப்போச்சா?"

ஃபோல்டர்களின் தேதி மாறிப்போனதைச் சொன்னாள். சாதாரணமாகக் காப்பி செய்தால் அப்படித்தான் ஆகும் என்றான் அவன். உள்ளே இருக்கும் படம் பழைய தேதியோடு வந்துவிடும். ஃபோல்டர் மட்டும் புது இடத்தில் புதிதாகப் பிறந்ததாகவே கணக்கு. அதையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கமாண்ட் இருக்கிறது.

"அண்ணனுக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே. அந்தக் கமாண்டை நான்தான் எழுதிக் குடுத்தேன், டெஸ்க்டாப்லயே வெச்சிருக்காரு. தேதி மாறுனா அவருக்குக் கோவம் வந்துடும். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரமா, அல்லது வேறு காரணமா என்று அவளால் நிச்சயிக்க முடியவில்லை.

எந்த ஃபோல்டர் என்று கேட்டான். சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல."

குமரேசன் சிரித்தான். "காலி ஃபோல்டருக்கா ரெண்டாந்தரம் ஆட்டோ புடிச்சு வந்தீங்க? கல்யாணப் படத்தையே தொலைச்சவங்ககூட சாவகாசமாத்தான்கா வருவாங்க."

அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் டிஸ்க்கை எடுத்து மாட்டினான். டக், டக். திரையில் எதுவும் வரவில்லை. கழற்றி, சற்றுப் பொறுத்து, வேறு கேபிளில் மாட்டினான். மறுபடியும் அதே சத்தம். மூன்றாம் முறை டிஸ்க்கைக் கவிழ்த்து வைத்து மாட்டியபோது, உள்ளே ஏதோ சுற்றத் தொடங்குவது மேசையில் ஊன்றியிருந்த அவள் விரல்நுனிக்குத் தெரிந்தது. பட்டியல் மெல்ல வந்தது.

"சட்டுனு பாத்துக்கங்க. எப்ப படுத்துக்கும்னு சொல்ல முடியாது." ஃபோல்டரின் விவரத்தைத் திறந்து படித்தான். "உண்டானது மார்ச் ஒம்பது. வியாழக்கிழமை. காலைல ஆறு இருபது."

அந்தச் சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்பு. ஆறு இருபதுக்கு அவள் குளியலறையில் இருந்திருப்பாள், பீரோ திறந்திருந்திருக்கும்; புடவைகளுக்கு அடியில் இருந்த காகிதச் சுருளை அவன் கண்டிருப்பான். அந்த வாரம் தண்ணீர்க் கேனை அவளைத் தூக்கவிடாமல் அவனே மாடிக்கு ஏற்றியதும், கிரிவலப் பாதையின் வேகத்தடைகளில் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றி இறக்கியதும் நினைவுக்கு வந்தன. வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறாள் என்று நினைத்துச் செய்கிறான் என அன்று எண்ணியிருந்தாள். அவள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறான். பிறகு போய்விட்டான்.

"இன்னொரு தேதி இருக்குதுக்கா. கடைசியா மாறுனது. மார்ச் இருபது, சாயங்காலம் ஆறு அம்பது."

"காலி ஃபோல்டர்ல என்ன மாறும்?"

"அன்னிக்கு அது காலியா இருந்திருக்காது. உள்ள எதையாவது வெச்சாலோ எடுத்தாலோதான் இந்தத் தேதி நகரும். எதையோ வெச்சிருந்து, அன்னிக்கு எடுத்திருப்பாரு."

இருபது, திங்கட்கிழமை. அவள் சொல்லி முடித்த பிறகு அவன் அடுத்த அறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தான். படுத்திருந்தவளுக்கு விசைப்பலகையின் சத்தம் கேட்டது. இந்த நேரத்திலும் செஞ்சிக் கல்யாணத்தை இறக்க உட்கார்ந்துவிட்டானே என்று அன்று பட்ட வெறுப்பு இன்றும் தீரவில்லை. அது எதையோ அழித்த சத்தம்.

எடுத்தது என்னவென்று பார்க்க முடியுமா எனக் கேட்டாள். இந்த டிஸ்க் அதற்குத் தாங்காது என்றான். ஃபோல்டரை மட்டும் இரண்டு தேதிகளோடும் புதியதற்கு மாற்றித் தரச் சொன்னாள். கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டினான். மற்றவற்றையும் முயன்று பார்க்கலாமா என்று கேட்டான்.

"வேணாம். அதெல்லாம் இன்னிக்கே பொறந்ததா இருக்கட்டும்."

ஐந்தரைக்கு ஆதிராஜ் வந்தான். பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடுவது இருவரும் பிறந்த சமண வீடுகளிலிருந்தே கொண்டுவந்த வழக்கம். வெளியூர் வேலையிலும் அவன் அதை விட்டதில்லை. நேரமாகிவிட்டது, தட்டு வை என்று சொல்லிக்கொண்டே கை கழுவினான். சோறும் கூட்டும் வைத்தாள். அவன் முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது லேப்டாப்பை அவன் பக்கமாகத் திருப்பினாள். சாதாரணமாகக் காப்பியானதை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு, குமரேசன் மாற்றிக் கொடுத்த ஒன்றை மட்டும் விவரத்தோடு திறந்து வைத்திருந்தாள்.

அவன் படித்தான். இரண்டு வரிகள்தான்; ஆனால் நெடுநேரம் படித்தான்.

"குமரேசன் கடைக்குப் போனியா?"

"போனேன்."

பிசைந்த சோறு விரல்களில் அப்படியே இருந்தது.

"தெரிஞ்சும் போனீங்க. வேல, வாக்கு குடுத்துட்டீங்க, போனீங்க. அத நான் கேக்கல." தன் குரல் இவ்வளவு சமமாக வருவது அவளுக்கே அச்சமாக இருந்தது. "ரெண்டு வருஷமா அந்தப் பேச்சை ஏங்க எங்கிட்ட பேசினீங்க?"

"நீ சொல்லுவேனு இருந்தேன்." திரையைப் பார்த்தபடியே, "போறதுக்கு முந்தின நாளு வரைக்கும் இருந்தேன்" என்றான். "அப்புறம் எப்டி சொல்றது மாலினி. தெரியும்னு சொன்னா, தெரிஞ்சுமானு கேப்ப."

"உள்ள இன்னா வெச்சிருந்தீங்க?"

அவன் தட்டை நகர்த்திவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் படங்களைத் திறந்து, பெருவிரலால் கீழே இழுக்கத் தொடங்கினான். போளூர் மணப்பெண் போனாள், போன மாதத்து மண்டபங்கள் போயின, மாலைகளும் மேடைகளும் தெரியாத குழந்தைகளின் முகங்களும் கண்ணாடிக்குள் விரைந்து வழிந்தன. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கணினியில் அழித்தது போனில் மிஞ்சியிருக்கிறது என்று புரிந்து, ஜ்வாலாமாலினி எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். அந்த மார்ச் இன்னும் வரவில்லை.