துரை கல்லறையில் தாத்தாவுக்கு மெழுகுவத்தி

இப்போதெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் செத்தவரைப் பார்க்க வருவதில்லை. அப்பன் கல்லறை மேல் சாய்ந்து நின்று போனில் படம் எடுக்கிறான் ஒருத்தன். படம் சரியாக விழவில்லையென்று சாமந்தி மாலையைக் கழற்றி மறுபடி போடுகிறான்.

நான் விவேக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனது கென்ட்ரிக் துரை கல்லறைக்கு. ஆப்பிரிக்காவில் ஒரு ஆறு எங்கே பிறக்கிறது என்று தேடிப் போனவன். பிறகு அந்த நாட்டுக்கே கவர்னர் ஆனான். வயதான காலத்தில், முன்பு வேலை பார்த்த பெங்களூர் குளிருக்கு ஆசைப்பட்டு வந்து இங்கேயே செத்தான். ஆறு தேடப் போகும்போது சமையலுக்கு என் தாத்தா சவரிமுத்துவைக் கூட்டிப் போனான். துரை திரும்பினான். தாத்தா திரும்பவில்லை. அப்பாவுக்கு அப்போது நாலு வயது.

தாத்தாவுக்குக் கல்லறை கிடையாது. அதனால் அப்பா வருஷா வருஷம் துரை கல்லறையில்தான் மெழுகுவத்தி ஏற்றுவார். ஏற்றிவிட்டு, "எங்க விட்டே அவரை?" என்று கல்லைக் கேட்பார். கண்ணை மூடும்வரை கேட்டார். நான் கடைசிப் பிள்ளை, எனக்கே எண்பது ஆகிறது. அப்பாவுக்குப் பிறகு நான் கேட்கிறேன்.

இந்த வருஷம் பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்கிற கும்பல் ஒன்று வந்தது. கூட்டி வந்தவள் இளவேனில், சேலத்துப் பெண். கம்ப்யூட்டர் வேலையாம், ஞாயிற்றுக்கிழமையில் இது.

"பாருங்க, இன்னிக்கும் கவர்னர் மேல எவ்ளோ விசுவாசம்!" என்று என்னைக் காட்டினாள்.

"விசுவாசமா? நீ வேற. எங்க தாத்தாவைத் தொலைச்சவன்மா இவன்."

தாத்தா பெயரைக் கேட்டாள், சொன்னேன். போனைத் தடவிக்கொண்டே நின்றவள் முகம் மாறியது.

"துரையோட டைரி இதுல இருக்கு தாத்தா. படிக்கவா?"

"படி. நீயா ஏதாவது சேத்தேன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

தமிழில் சொன்னாள். ஒரு பெரிய ஏரிக்கரையில் ஆறு நாள் கூடாரம். ஏழாம் நாள் காலையில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை. சவரிமுத்து ஒரு மீன்காரர் குடும்பத்தோடு தங்கிவிட்டான், கூப்பிட்டும் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து, கவர்னராகிப் போனபோது துரை அவனைக் கரையில் பார்த்தான். தோளில் ஒரு குழந்தை. துரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னொரு தரம் படி."

படித்தாள்.

"பையனா, பொண்ணா?"

"குழந்தைன்னு மட்டும்தான் போட்டிருக்கு."

அப்பாவுக்குத் தாத்தாவின் முகம் ஞாபகம் இல்லை. தோள்தான் ஞாபகம். அதில் உட்கார்ந்து சந்தைக்குப் போனதைச் சாகும்போதும் சொன்னார்.

"நல்லாத்தானே இருந்திருக்காரு உங்க தாத்தா."

"ஆளை விட்டுட்டு வந்தவன் எழுதினதும்மா. ஜுரத்துல கெடந்தவரை அப்படியே போட்டுட்டு வந்திருப்பான். அதையா எழுதுவான்?"

"நம்பர் குடுங்க. அங்க உங்க சொந்தக்காரங்க இருந்தா தேடிப் பாக்கறேன்."

"ஒண்ணும் வேணாம், விடு."

அந்த ஏரியில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. துரை பேச்சை எவன் நம்புவான்? கேட்டைத் தாண்டினேன். ஆட்டோக்காரன் கூப்பிட்டான். ஏறாமல் நடந்தேன்.