கொதிக்கவைத்த புரதம்

ஆராய்ச்சிக் கூடத்தில் உடன் வேலை செய்யும் சிலம்பரசனுக்குக் கார்குழலி வைத்திருந்த பெயர் ‘வெந்நீர் சார்’. எதைக் கொடுத்தாலும் முதலில் கொதிக்கவைத்துப் பார்க்கிற ஆள் என்று இளக்காரம். பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்திலிருந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு வேறென்ன தெரியும் என்பாள்.

அவள் ஆராயும் புரதம் டிம்ப்-1. உடம்பின் திசுவை அரிக்கும் நொதிகளின் வாயில் ஆப்பு போலச் செருகி அவற்றை அடக்குவது அதன் முன்பாதி. பின்பாதி செல்லின் மேற்பரப்பைத் தொட்டுச் ‘சாகாதே’ என்று சைகை சொல்லும். அந்தப் பின்பாதியை மட்டும் பாக்டீரியாவில் தயாரித்துச் செல்களில் விட்டபோது, வீக்கத்தைத் தூண்டும் புதுச் சைகை ஒன்று எழுந்தது. அதை நம்பித்தான் நிரந்தர வேலைக்கான நேர்காணலில் அன்று பேசப்போகிறாள்.

காலையில் கேன்டீனில் சிலம்பரசன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“மேடம், உங்ககிட்ட மீந்த புரதத்தக் கொதிக்க வெச்சு விட்டுப் பாத்தேன். அப்பவும் சைகை வருது.”

“கூடவே கொஞ்சம் டீத்தூளும் போட்டிருக்கலாமே, வெந்நீர் சார்.”

“கொதிச்சா மடிப்பெல்லாம் அவுந்துடும். அவுந்தது எப்படிப் பேசும்? பாக்டீரியா அழுக்கு ஒட்டிட்டிருக்கு மேடம், வீக்கத்தத் தூண்டுறது அதுதான். அது கொதிச்சாலும் போவாது.”

“வயித்தெரிச்சலுக்கு மோர் நல்லது. குடிச்சிட்டு வாங்க.”

படியேறும்போதே அவன் சொன்னது சரி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் அவன்மேல் வெறுப்பு இன்னும் கூடியது. இவனா எனக்குச் சொல்வது?

மாடியில் நேர்காணல் அரங்கில் அவள் பேசி முடித்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் கேட்டார்: “கொதிக்க வெச்சுப் பாத்தீங்களாம்மா?”

அவள் கண் கடைசி வரிசைக்குப் போனது. இப்போது சிரிப்பான் என்று நினைத்தாள். அவளாக இருந்தால் சிரித்திருப்பாள். அவனோ குனிந்து, நன்றாக மூடியிருந்த டிபன் பாக்ஸையே மறுபடி மூடிக்கொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாலும் காட்டிக்கொடுக்க மாட்டான். பொய் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் கடவுள் மனிதரை மடக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன மரியாதைகளால்தான்.

“சிலம்பரசன் சார் பாத்தாரு. அப்பவும் சைகை வந்துச்சு. அது என் புரதம் இல்ல சார். அழுக்கு.”

பேனாக்களை மூடும் சத்தம் கேட்டது. வேலை போயிற்று.

கீழே கேன்டீனுக்கு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். பாதி மீன்குழம்புச் சோற்றை மூடியில் எடுத்து வைத்து அவள் பக்கம் தள்ளினான்.

“சாப்புடுங்க மேடம். நாளைக்குப் புரதத்த பாக்டீரியாவுல இல்லாம மனுச செல்லுல வளத்துப் பாப்போம்.”