வால் நறுக்கிய தோமான்

லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து செம்மண் சடக்குப் பாதையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. ஓடையை மறித்து அணை கட்டியது ரப்பர் பால் உறையவைக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் விடத்தான். ஆனால் துரை அதைத் தோமான் மீனுக்கென்றே எழுதிவைத்துவிட்டார். தோமான் நம் விரால் சாதிதான். வளர்ந்தால் இடுப்பு உயரம் வரும், தூண்டிலில் மாட்டினால் ஆளையே தண்ணீருக்குள் இழுக்கும். அந்த மல்லுக்கட்டுக்காகவே சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் பிடித்தால் விளையாட்டு, லயத்து வீடுகளில் கிடக்கும் கூலிச் சனம் பிடித்தால் திருட்டு.

அணைக்குக் காவல் அய்யாவு. மீன் கூடுகிறதா குறைகிறதா என்று துரைக்குத் தெரிய வேண்டும். தண்ணீருக்குள் கிடப்பதை எப்படி எண்ணுவது என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அய்யாவு வாயைத் திறந்தான்.

"ஊர்ல ஆட்டுக்குக் காதுல வெட்டி அடையாளம் வப்போம் தொரை. இதுக்கு வாலுல வெட்டிரலாமே."

துரைக்குப் பிடித்துப்போயிற்று. வலையில் விழுந்த பெரிய மீனுக்கெல்லாம் வாலின் மேல்நுனியில் அய்யாவு கத்தரியால் முக்கோணமாக நறுக்கித் திரும்ப விட்டான். அடுத்த வலையில் வெட்டுப்பட்டது எத்தனை, படாதது எத்தனை என்று பார்த்துத் துரை கணக்குப் போட்டுக்கொண்டார். அய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் பெண்டாட்டி காளியம்மாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிழைத்தது, அவள் கிழிந்துபோனாள். புண் ஆறவில்லை, காய்ச்சல் இறங்கவில்லை. தீட்டு வீடு என்பதால் அய்யாவுக்கு வெளியே அஞ்சடித் திண்ணையில்தான் படுக்கை, சாப்பாடு. உள்ளே போய்ப் பார்த்ததெல்லாம் பக்கத்து வீட்டுச் செல்லம். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, தனியாக ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைப்பவள். ஒருநாள் சாயங்காலம் அவள் தன் அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்கிவந்தாள்.

"என்னக்கா அது?"

"வெரால் ரசம் தம்பி. புண்ணு ஆறும்."

"வெரால் ஏது?"

"ஆத்துல கெடச்சது."

அய்யாவு நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்கு அவசியமும் இல்லை. அன்றைக்குக் காளியம்மா முதல்முறையாகத் தானே எழுந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அணைக்குப் போனவன் திடுக்கிட்டான். தோமான் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே திரளாகத் திரியும், பெற்ற மீன் காவலாகக் கீழேயே நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும், அதனாலேயே சுலபமாகத் தூண்டிலில் மாட்டும். இப்போது காவல் மீனைக் காணோம். குஞ்சுகள் சிதறிக் கிடந்தன, மற்ற மீன்கள் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் வேலை என்று நினைத்துக்கொண்டு, நல்ல பேர் வாங்கும் ஆசையில், துரையிடம் ஓடினான்.

துரை கம்பத்துப் பக்கம் போகவில்லை. லயத்தைச் சோதிக்கச் சொன்னார்.

சபாபதி கங்காணி வீடு வீடாகப் பானையை உருட்டினார். அய்யாவு வீட்டு வாசலில் மட்டும், "பிள்ள பெத்த வீடு, தீட்டு" என்று ஒதுங்கிப் போனார். அடுத்த வீட்டு உறியில் கை விட்டார். மீன் தலையும் வால் துண்டும் வந்தன. சதையெல்லாம் காளியம்மாவுக்குக் கொடுத்துவிட்டுச் செல்லம் தனக்கென்று வைத்திருந்தது அவ்வளவுதான்.

துரை வாலை அவன் கையில் கொடுத்தார்.

"பார். இது நீ வெட்டினதா?"

மேல்நுனியில் முக்கோணம். ஆற்று மீன், நீர்நாய் கடித்தது என்று ஒரு பொய் சொன்னால் போதும். செல்லம் அவனைப் பார்த்தாள். யாருக்காகப் பிடித்தேன் என்று அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பொய் பிடிபட்டால் வேலை போகும், வீடு போகும், நிற்க முடியாத பெண்டாட்டியோடு தெருவில் நிற்க வேண்டும். பயத்தில் அவன் நாக்கு உண்மையைத்தான் பேசியது.

"என் வெட்டுதாங்க தொரை."

அன்றைக்கே செல்லத்தைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். துணி மூட்டையோடு அஞ்சடியைக் கடக்கும்போது நின்றாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான்.

"பச்ச ஒடம்பு தம்பி. அவளப் பச்சத் தண்ணியில கை வைக்க விட்டுறாதே."

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டேஷன் சடக்கில் இறங்கிப் போனாள். அவளுக்கு ரயிலேறிப் போக ஓர் ஊரும் கிடையாது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் சாயங்காலம் காவலுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை துரை ஒரு பெரிய தோமானைப் பிடித்தார். வழக்கம்போல விட்டுவிடப் போனவர், அய்யாவுவைக் கூப்பிட்டார்.

"உன் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதாமே. கங்காணி சொன்னான். நீ எடுத்துப் போ. முன்னாலேயே என்னிடம் சொல்லக்கூடாதா?"

அய்யாவு மீனைச் சுமந்துகொண்டு வந்து அஞ்சடியில் வைத்தான். அதன் வாலிலும் முக்கோணம் இருந்தது. திரைத்துணிக்குப் பின்னாலிருந்து காளியம்மாவின் குரல் வந்தது. நடந்தது எதையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"மீனு வாடையடிக்குதே. வெராலாங்க?"

"ஆமா."

"செல்லக்காகிட்டயே குடுத்துருங்க. அவங்க வச்சாத்தான் எனக்கு எறங்குது. எங்க போனாங்க, ரெண்டு மூணு நாளா ஆளையே காணோமே?"